அக்கரையில் நின்றவர்கள்

பேய், ஆவி என்று யாராவது கதையெடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். மட்டக்களப்பு டவுனில் பெயர்ப்பலகை செய்கிறேன். சவக்காலையில் கல்லறைகளுக்குப் பெயர் வெட்டியிருக்கிறேன், அதே கல்லறையில் குந்தி மத்தியானச் சோற்றுப் பார்சலும் தின்றிருக்கிறேன். இதைக் கேட்டபிறகு என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள், நடந்தது நடந்ததுதான்.

பழைய இடங்களுக்கெல்லாம் வரலாற்றுப் பலகை நடுகிற வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒல்லாந்தர் காலத்துக் கிணறு, இடிந்த களஞ்சியம் என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு தோணித்துறைக்குப் போனோம். பாலம் வந்தபிறகு அங்கே யாரும் போவதில்லை, சேற்றில் வளர்கிற கண்ணாப்பற்றை மூடிக் கிடந்தது. கூட வந்தவன் ரபீக், காத்தான்குடி மேசன், என் கூட்டாளி, எதையும் பகிடியாக்குகிறவன். பலகையில் இரண்டே வரிதான். முன்பு சனங்கள் இங்கேதான் தோணியில் வந்து இறங்கினார்கள், ஒரு மாரியில் அக்கரையிலிருந்து வந்த தோணி கவிழ்ந்து பலர் மாண்டார்கள்.

நல்ல மத்தியானம். தூணுக்கு சீமெந்து போட்டுக்கொண்டிருந்தோம். காற்றில்லை, வாவி அசையாமல் கிடந்தது. அக்கரையிலிருந்து ஒரு பெண்குரல், "தோணி... ஓ... தோணி..." என்று இழுத்துக் கூப்பிட்டது. பிறகு இன்னொன்று, பிறகு பல. அந்தக் காலத்தில் அப்படித்தான் தோணியைக் கூப்பிடுவார்களாம். அக்கரை வெறும் வெளி, நம்பினால் நம்புங்கள், ஒரு கொக்கைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ரபீக் இரண்டு கையையும் வாயில் குவித்து, "நில்லுங்க, வாறன்" என்று திருப்பிக் கத்தினான்.

குரல்கள் அந்தக் கணமே நின்றன. ரபீக்கும் சிரிக்கவில்லை. பலகையை நட்டபாட்டில் விட்டு, சாமான்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. பின்னேரம் அசர் தொழுகை நேரமானால் வாவிக்கரையில் போய் நிற்கிறார், கூப்பிட்டாலும் திரும்புகிறாரில்லை என்று அவன் மனைவி எனக்குப் போன் எடுத்து அழுதாள். போய்ப் பார்த்தேன். மெலிந்து, கண் குழிந்திருந்தான். வாவியைப் பார்த்தபடியே சொன்னான்.

"வாறண்டு சொல்லிப்போட்டன் மச்சான். காத்துக்கிட்டு நிக்கிறாக."

ஏசினேன், பயந்ததற்குத் தண்ணீர் ஓதிக் குடிக்கச் சொன்னேன், டாக்டரிடம் போவோம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஒருநாள் விடிய, அவனுடைய போனிலிருந்து யாரோ ஒரு மீன்பிடிகாரர் பேசினார். என் ஓட்டோவை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து ஓடினேன். நாங்கள் நட்ட பலகைக்கு நேர்கீழே தோணி ஒன்று கரைதட்டி நின்றது. அவன் ஊரில் யாருடையதோ தோணி, கேட்காமல் எடுத்து வந்திருக்கிறான். தோணி தள்ளுகிற கம்பைப் பிடித்தபடி குந்தியிருந்தான், உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து இரத்தம். அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரம் காய்ந்திருந்தது. தோணிக்குள் மட்டும் ஈரச் சேறு, காலடிக்குமேல் காலடி, சின்னக் காலடிகளும். அந்த மீன்பிடிகாரர் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பேரயும் ஏத்திட்டா வந்தவர்?" என்று கேட்டு, விலகி நின்றுகொண்டார்.

நான் அவனைத் தூக்கி ஓட்டோவின் பின்சீட்டில் ஏற்றினேன். பாரமே இல்லை. என் காதுக்குள் மெதுவாகச் சொன்னான்.

"எல்லாரையும் இறக்கிப்போட்டன் மச்சான். ஒராள் மட்டும் இறங்குதில்ல. உன்ட ஊட்டுக்கு வரணுமாம்."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு ஏதோ பெயர் சொன்னார்கள், அந்தக் கிழமையே போய்ச் சேர்ந்தான். மையவாடியில் நானும் மண் போட்டேன்.

அவன் கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. இப்போது உங்களிடம்தான். ஆனால் பாருங்கள், அதற்குப் பிறகு அவள் என் ஓட்டோவில் ஏறினால் பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கித்தான் உட்காருகிறாள். சந்தைக்குப் போய்வந்தால் மரக்கறிப் பையைச் சீட்டில் வைப்பதில்லை, எவ்வளவு பாரமென்றாலும் மடியில் வைத்துக்கொள்கிறாள்.