பென்சில் படாத முகம்

எழுபதுகளின் கடைசியில் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். கையிலிருக்கும் போட்டோவைப் பார்ப்பார்கள், அக்காவைப் பார்ப்பார்கள், மறுபடி போட்டோவைப் பார்ப்பார்கள். பிறகு பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா நல்ல கறுப்பு. ஸ்டூடியோக்காரரோ பவுடர் போட்டது போதாதென்று நெகட்டிவிலும் பென்சிலால் தடவி, மாவில் புரட்டி எடுத்தவள் மாதிரி ஆக்கிக் கொடுப்பார். அந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பெண்ணின் போட்டோ கேட்டிருந்தார்கள். அன்று அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவ போட்டோவ நீ எடுடி. நான் எப்படி இருக்கேனோ அப்படியே வரணும். வேணாம்னா போட்டோவப் பாத்தே வேணாம்னு சொல்லட்டும். வீட்டுக்கு வந்து மூஞ்சியச் சுளிக்க வேணாம்லா."

"அம்மா என்னைக் கொன்னுடுவாங்க."

"அம்மாவ நான் பாத்துக்கறேன்."

நான் அப்போது டைப்பிஸ்ட். பழைய கேமரா ஒன்றும் படத்தைப் பெரிதாக்க அதைவிடப் பழைய என்லார்ஜர் ஒன்றும் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பைத்தியமாக அலைந்த காலம். குயின் ஸ்ட்ரீட்டில் துணிக்கடைக்கு மேலே எங்கள் வீடு. மழை ஓய்ந்த ஒரு மதியம் அக்காவை ஜன்னலோரம் நிறுத்தினேன். பவுடர் கிடையாது. வெளிச்சம் ஒரு பக்கமாக அவள் கன்னத்தில் விழுந்தது.

"சிரிக்கவா?"

"தோணினா சிரி."

அவளுக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தள்ளினேன்.

படம் கழுவ எனக்கு டார்க்ரூம், கக்கூசோடு சேர்ந்த எங்கள் வீட்டுக் குளியலறைதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சிவப்பு பல்பை மாட்டினேன். பினாங்கில் பைப்புத் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அந்தச் சூட்டில் டெவலப்பர் மருந்து அவசரப்பட்டுப் படத்தைக் கெடுத்துவிடும். அதனால் ஐஸைச் சீவி ஐஸ் கச்சாங் விற்பவரிடம் ஐஸ்கட்டி வாங்கிவந்து மருந்துத் தட்டைச் சுற்றி அடுக்கியிருந்தேன்.

முதல் பிரிண்டில் முகம் சாம்பல் பூசியது போல வந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவதற்கு வெளிச்சம் கூடிவிட்டது. முகமும் கூந்தலும் ஒரே கறுப்பாகக் கலந்துவிட்டன. மூன்றாவது தாளைத் தட்டில் அமிழ்த்தி மெல்ல ஆட்டினேன். புருவம் வந்தது. கண் வந்தது. அப்போது பார்த்துக் கதவு தடதடவென்று ஆடியது.

"கதவத் தெறம்மா, அவசரம்" என்றார் அப்பா.

"இப்பத் தெறந்தா அக்கா போயிடுவாப்பா."

"அவளும் உள்ளதான் இருக்காளா?"

தட்டில் அக்கா வந்துகொண்டிருந்தாள். பல்லின் வெள்ளைக்கும் கூந்தலின் கறுப்புக்கும் நடுவே எத்தனை கறுப்பு இருக்கிறதென்று அன்றுதான் கண்டேன். கன்னத்தில் ஒன்று, கழுத்தடியில் ஒன்று, கண்ணோரத்தில் ஒன்று. எங்கள் வீட்டில் இவ்வளவு அழகான ஒருத்தியா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் அழியாமல் நிற்க ஃபிக்சரில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். அப்பா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்.

அம்மா படத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "இவ்ளோ கறுப்பாவா அனுப்புறது? யாருடி கட்டுவா?"

அக்கா அதை உறையில் போட்டு ஒட்டி, தானே தபாலாபீசுக்குப் போனாள்.

வருகிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் ஃபெரி பிடித்து வந்து சேர்ந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்தார். பார்த்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"போட்டோவுல பாத்த அதே பொண்ணு" என்றார்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் மாப்பிள்ளையையே சரியாகப் பார்த்தேன். அவர் முன்பே அனுப்பியிருந்த ஸ்டூடியோ படத்தில் உரித்த முட்டை மாதிரி இருந்தார். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரோ அக்காவைவிட இரண்டு பங்கு கறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். அம்மா மேசைமேல் இருந்த அவர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

அவர்கள் படியிறங்கியதும் அப்பா தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டார். "என்னம்மா சொல்றே?"

"போட்டோவுல இருந்தவர எனக்குப் புடிக்கலப்பா" என்றாள் அக்கா. "இங்க வந்து உக்காந்திருந்தாரே, அவரத்தான் புடிச்சிருக்கு."