அலமாரிக்குள் அணைந்த பல்பு

இயற்பியலில் பட்டம் பெற்று, குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் பொருளை அனுமதியின்றித் தொட்டேன் என்று எவரும் சொன்னதில்லை. மருமகள் வந்த முதல் வாரம் என் புத்தக அலமாரியைத் திறந்தபோது, கேட்காமல் தொடக் கூடாது என்பது இந்த வீட்டின் விதி என்று அவளிடமும் சொன்னேன். அவள் கதவை மூடினாள்; நான் அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஆடிக்கு அவள் திருப்பூரில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்றிருந்தாள். மகனும் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், என் பிரிவுபசார விழாவைப் பார்க்க, அதன் டிஸ்க்கை அவள் தன் அலமாரியில் வைத்திருந்த வீடியோ கேம் பெட்டியில் போட்டேன். டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை என்று திரையில் வந்தது. அவளுடைய டிஸ்க் ஒன்றைப் போட்டேன். அதற்கும் அதே பதில். மறுநாள் மாலை அவள் திரும்புகிறாள்.

பெட்டியைத் துணிப்பையில் வைத்து, குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி கடைவீதிக்கு நடந்தேன். பழுதுபார்ப்பவர் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"ஏனுங்க சார், இத எங்க வச்சிருந்தீங்க?"

"அலமாரியில்."

"உள்ள பல்பு எரியுதுங்களா?"

ஈரம் ஏறாதிருக்க மருமகள் தன் அலமாரிக்குள் ஒரு சிறு பல்பை இரவும் பகலும் எரியவிடுவாள். ஆளில்லாத இடத்தில் விளக்கு எதற்கு என்று, அவள் பேருந்து ஏறிய அன்றே அதை அணைத்தவன் நான். வேலைக்காலம் முழுவதும் இலையின் ஈரத்தைக் கணக்கிட்டவனுக்கு அது தோன்றவில்லை.

"லென்ஸ் மேல ஈரம் படிஞ்சிருக்குங்க. தொடச்சுப் பாக்கலாம்."

"இன்றே சரியாகுமா?"

"ஆகுமுங்க. உங்க ஊட்டுப் பொருள்தானே, எதுக்கு இத்தன பதட்டம்?"

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பட்டாணி அளவே இருந்த அந்த லென்ஸைத் துடைத்தார். கடையின் டிஸ்க் ஒன்றைப் போட்டார். சுழன்றது, நின்றது. மேசைவிளக்கின் சூட்டில் சற்றுநேரம் வைத்து மறுபடி துடைத்தார். இம்முறை திரையில் பந்தயக் கார் ஒன்று உறுமியது.

"இந்தக் கன்ட்ரோலரப் புடிச்சு ஒரு ரவுண்டு ஓட்டுங்க சார். பாதியில நிக்குதான்னு நான் டிஸ்க்கப் பாக்கோணும்."

ஓட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல். தொழிற்சாலையில் எனக்குக் கீழே எழுத்தராக இருந்தவர்.

"சாருங்களா? பாத்துத் திருப்புங்க, எஸ்டேட் ஜீப்புன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது."

கையில் இருந்ததைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

வீடு திரும்பிப் பெட்டியை வைத்துப் பல்பைப் போட்டேன். மறுநாள் மருமகள் ஸ்வெட்டரைக் கழற்றும் முன்பே, டிஸ்க் போட்டதையும் பல்பை அணைத்ததையும் சொல்லிவிட்டேன்.

"கடைக்குப் போனது தெரியுமுங்க மாமா. பஸ் ஸ்டேண்டுலயே சொல்லிட்டாங்க," என்றாள். அலமாரியைத் திறந்து பல்பைப் பார்த்தாள். "பல்ப மட்டும் அணைச்சறாதீங்க. பொட்டிய எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

அன்று முதல் என் புத்தக அலமாரியின் சாவி கதவிலேயே தொங்குகிறது.

அந்தக் கடையில் அரைநாள் உட்கார்ந்து நான் விளையாடியதாகக் கடைவீதியில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. நான் ஓட்டியது ஒரு சுற்று; பழுதுபார்ப்பவர் கேட்டதனால் ஓட்டினேன்.