கண்ணைக் கட்டிய வவ்வால்

அலுவலகத்தில் அவளுக்கு வவ்வாலக்கா என்று பெயர். பள்ளி பள்ளியாகப் பாடக்கருவிப் பெட்டியோடு போய் ஒரு வகுப்பு நடத்திவிட்டு வருகிற வேலை. மற்றவர்களுக்கு எரிமலை, எலும்புக்கூடு என்று கௌரவமான பெட்டிகள் வாய்த்தன. இவள் தலையில் வவ்வாலைக் கட்டினார்கள். இருபத்தேழு வருடமாக அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியே போய்விட்டது. "பகல்ல தூங்காத வவ்வால் உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பார் கணவர். முதல் பத்து வருடம் அதற்குச் சிரித்தாள்.

பெட்டிக்குள் பிரமாதமாக ஒன்றும் கிடையாது. ஒரு பழைய கறுப்புக் குடை. விரித்தால் சிறகு, கம்பிகள் விரல்கள். பன்னிரண்டு பட அட்டைகள். அப்புறம் ஒரு கறுப்புத் துணி. அதைக் கொண்டு ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி வவ்வால் ஆக்குவாள். மற்றவர்கள் பூச்சிகள். வவ்வால் கைதட்டினால் பூச்சிகளும் பதிலுக்குத் தட்ட வேண்டும், அந்தச் சத்தத்தை வைத்தே வவ்வால் பிடிக்க வேண்டும். வவ்வாலின் ஒலி இரையின் மேல் பட்டுத் திரும்புவதைப் புரியவைக்க இதைவிடத் தோதான வழி கிடையாது. எந்தப் பள்ளியிலும் இந்த விளையாட்டு சோடை போனதே இல்லை.

அன்று போன பள்ளியில் கொத்தனார் ஒருவர் சிமென்ட் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். சாமான் அறைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதை அடைக்கத்தான் கலவை. கீழே தரையெல்லாம் எச்சம். அண்ணாந்து நின்று காது கொடுத்தாள். கீச்சுக்கீச்சென்று மெல்லிய சத்தம். வவ்வால் குட்டிகள், இன்னும் பறக்க வராதவை. இன்றைக்கு அடைத்தால் உள்ளேயே கிடந்து சாகும்.

பெட்டியை வகுப்பில் போட்டுவிட்டு நேரே தலைமையாசிரியையிடம் போனாள்.

"ஒரு ஆறு வாரம் பொறுங்க. குட்டிங்க பறந்துரும். அப்புறம் ராத்திரி எல்லாமே வெளிய போனதும் அடைச்சுக்கலாம்."

"பிள்ளைங்க தினம் அதுக்குக் கீழதான் நடக்குதுங்க டீச்சர். கண்ணு தெரியாத பிராணி. யார் மேலயாவது மோதிக் கடிச்சு வச்சா, பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"கண்ணு தெரியாதுன்னு யார் சொன்னது?" அலுப்பாகத்தான் கேட்டாள். இதை எத்தனை பேரிடம் கேட்டாயிற்று.

"நீங்கதான்." தலைமையாசிரியை சிரித்துவிட்டாள். "நான் ஏழாவது படிக்கறப்போ எங்க ஸ்கூலுக்கு வந்தீங்க. அன்னிக்கு நான்தான் வவ்வால். என் கண்ணைக் கட்டினதே நீங்கதானே. இன்னும் ஞாபகம் இருக்கு."

வவ்வாலக்கா நாற்காலியைக் கேட்காமலே இழுத்து உட்கார்ந்தாள்.

"அது என் தப்பும்மா." மரியாதைப் பன்மை தானாகக் கழன்றுகொண்டது. "இருட்டுன்னு காட்டத்தான் கட்டினேன். வவ்வாலுக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"பன்னிரண்டாவது அட்டையில இருக்கு. அதுக்குள்ள மணி அடிச்சிரும்."

தலைமையாசிரியை சன்னல் வழியாகக் கொத்தனாரைக் கையசைத்து நிறுத்தினாள். "ஆறு வாரம். அதுக்கு மேல ஒருநாள்கூடக் கிடையாது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகாம கயிறு கட்டிடறேன்."

"குழைச்ச கலவையை நான் என் தலையிலயா பூசிக்கறது?" என்று முணுமுணுத்த கொத்தனார், வாசலில் உடைந்து கிடந்த படியைப் பூசப் போனார்.

ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. வகுப்பு வரைக்கும் நடக்கவே மலைப்பாக இருந்தது. வருடத்துக்கு நாற்பது பள்ளி. எத்தனை கண்களைக் கட்டிவிட்டு, அவிழ்க்கிற வேலையை மணிச் சத்தத்திடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அத்தனை பேரையும் தேடிப்பிடித்துச் சொல்ல இனி காலில் தெம்பில்லை.

வகுப்பில் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு சிறுமி கறுப்புத் துணியைத் தானே கட்டிக்கொண்டு, கைகளை முன்னே நீட்டித் தயாராக நின்றாள். "டீச்சர், நான்தான் வவ்வால்."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். "இப்ப என்னைத் தெரியுதா?"

"தெரியுது டீச்சர்."

"வவ்வாலுக்கும் தெரியும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னாள். அப்புறம்தான் கட்டிவிட்டாள்.