போர் இல்லாத நாட்டுக்கு ஒரு பொருளடக்கம்

கற்பனை உலகம் கட்டுகிற கூட்டம் ஒன்றில் நானும் இருந்தேன். இணையத்தில் ஒரு தளம். ஆளுக்கொரு நாட்டை இட்டுக்கட்டி எழுத வேண்டும்: அதன் மலை, மக்கள், சாமி, சாப்பாடு என்று எல்லாவற்றையும். சோறு போடாத வேலை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

வேப்பம்பட்டிலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில், கைபேசியில் கட்டைவிரலால் தட்டித் தட்டி என் நாட்டை எழுதினேன். ஏரிக்கரையில் ஒரு நாடு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேருக்குச் சண்டை வந்தால், ஒருவர் வீட்டில் மற்றவர் ஒரு வாரம் சமைத்துப் போட வேண்டும். எதிராளியின் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு எவன் கத்தியை எடுப்பான்? அதனால் அந்த நாட்டுக்காரர்களுக்குப் போர் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் சர்ச் சபைத் தேர்தல்களில் நான் பார்க்காத சமாதானத்தை அங்கே வைத்திருந்தேன். அந்த நாடு எனக்கு உயிர். சொல்ல வெட்கமொன்றும் இல்லை.

தளத்துக்கு ஒரு தலைவர். சென்னீர்குப்பத்துக்காரர், தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். ஸ்பேனர் மாட்டுகிற ஆணிக்குக்கூடப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற ஆள். தன் பேரரசைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தைத் திறந்தால் கொட்டை எழுத்தில் தலைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் 'விரைவில்' என்று இருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்த மனுஷனுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. பக்கங்கள் நீளமாக இருப்பதால்தான் ஒருவரும் படிக்க வருவதில்லையாம். இனி எல்லாப் பக்கத்தின் உச்சியிலும் பொருளடக்கம் இருக்க வேண்டும். தலைப்பைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் அதே எட்டுத் தலைப்பு. ஒன்று காலியாக இருந்தாலும் அந்தப் பக்கத்தையே தளத்திலிருந்து தூக்கிவிடுவாராம்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. நாடு எழுதுவதை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் பொருளடக்கம் போடக் கிளம்பினார்கள். எண் போடுவதா, புள்ளி வைப்பதா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. ஒரு வரி உருப்படியாக எழுத வக்கில்லாதவர்கள் பொருளடக்கத்துக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூ!

நானும் போட்டேன். வேறு வழி? என் ஏரியையும் சமையலையும் துண்டு துண்டாக்கி ஏழு தலைப்பின் கீழ் அடைத்தேன். எட்டாவது தலைப்பு, போர். அதைக் காலியாக விட்டேன். அன்று மாலையே தலைவரிடமிருந்து போன்.

"இன்னா தங்கச்சி, போர் காலியா கீது?"

"எங்க நாட்ல போரே கிடையாதுண்ணா."

"போர் இல்லாம இன்னாம்மா நாடு? சும்மா நாலு வரி போடு. எவனோ வந்தான், அடிச்சான், பூட்டான். முடிஞ்சிச்சு."

"ஏன் போர் இல்லன்னு எழுதியிருக்கேண்ணா. சட்டம்னு ஒரு தலைப்பு இருக்கு, அதுல பாருங்க."

"அதெல்லாம் யாரு படிச்சிகினு இருக்கறது? பொருளடக்கம் ஃபுல்லா இருக்கணும், அவ்ளோதான். உன்னால முடியலன்னா உடு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் ரயில் ஆவடியைத் தாண்டும்போது பக்கத்தைத் திறந்து, போர் என்ற தலைப்பைத் தொட்டேன். 'வடக்கிலிருந்து வந்த பெரும்படை இந்நாட்டை முற்றிலும் அழித்தது. ஒருவரும் மிஞ்சவில்லை.'

ஏசப்பா! சண்டைக்காரன் வீட்டு அடுப்பில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்த என் சனங்கள் அத்தனை பேரையும், ஒரு காலி இடத்தை நிரப்புவதற்காக அந்த ஆள் கொன்றுபோட்டிருந்தார். கொன்ற படைக்கு ஒரு பெயர் வைக்கக்கூடச் சோம்பல். கோபம் அப்புறம்தான் வந்தது, முதலில் அழுகைதான் வந்தது. எதிர் இருக்கையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இன்னா கண்ணு, ஊட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

குழுவைத் திறந்தால் அங்கே கொண்டாட்டம். "சூப்பர் சிஸ்டர், எட்டுக்கு எட்டு!" வரிசையாகக் கைதட்டல் படங்கள். ஒரு நாடே செத்துக் கிடக்கிறது, இதுகள் கைதட்டுகின்றன. ஒருத்தர், ஒரே ஒருத்தர் பொருளடக்கத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுதியதையெல்லாம் நகலெடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். பிறகு தளத்தில் தலைப்புகளை விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். காலியாக இருக்கக் கூடாதல்லவா? அதனால் ஏழு தலைப்பின் கீழும் ஒவ்வொரு முற்றுப்புள்ளி வைத்தேன். அவர் எழுதிய இரண்டு வரியை மட்டும் தொடவில்லை. எவனாவது கேட்பானா பார்க்கலாம் என்று இருந்தேன். மாதக்கணக்கில் ஒருவரும் கேட்கவில்லை.

போன வாரம் குழுவில் புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். தலைவர் அவர்களுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினார். "ஒரு நாட்ட எப்டி எழுதணும்னு தெரிலன்னா, நம்ம தங்கச்சி பக்கத்தப் பாருங்க. அதாம்பா மாடலு."

கீழே கைதட்டல் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பக்கத்தில் இருப்பது ஏழு முற்றுப்புள்ளியும் அவருடைய போரும்தான்.