தேதி எழுதாத கட்டம்

ஸ்டிக்கர் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது அந்தப் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கைபட்ட ஒரு கார்கூட இன்னொரு வண்டியின் பின்னால் கயிறு கட்டித் திரும்பி வந்ததில்லை.

கார் கழுவத்தான் முதலில் சேர்ந்தார். ஒரு நாள் வாளியை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தவர், பிறகு கீழே வைக்கவில்லை. இப்போது அவரும் கொழுந்தனுமாகப் பட்டறையை நடத்துகிறார்கள். கொழுந்தன் முன்மேசையில் சிரிப்பார். இவர் உள்ளே கத்துவார். அடுத்த சர்வீஸ் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதி, முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டாமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார். பெயர் அப்படி வந்தது.

அன்று காலை பல் டாக்டரின் சிவப்பு கார் வந்தது. இரண்டே கதவு, நானூறு குதிரைத் திறன். மறுநாள் பந்தயத் தடத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கப் பணம் கட்டியிருந்தார். டயருக்குக் காற்று பார்த்தால் போதும் என்றார்.

அக்கா காற்றோடு நிறுத்துகிற ஆள் இல்லை. பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவுக்குள் பேனா மாதிரியான சோதனைக் கருவியை விட்டார். பச்சை எரியவில்லை. மஞ்சளும் எரியவில்லை. நேராகச் சிவப்பு.

"டாக்டர்! இங்க வாங்க!"

சத்தத்தில் முன்மேசையிலிருந்த கொழுந்தனே எழுந்துவிட்டார்.

"இந்த ஆயில மாத்தி எத்தன வருஷம் ஆச்சு?"

"மூணு இருக்கும். ஆனா வண்டி ஓடவே இல்லீங்களே! ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பேன். மெழுகு போட்டுத் தொடச்சு, உறை போட்டு மூடி..."

"ஓடலன்னாலும் காத்துல இருக்கிற ஈரத்த அது குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். நாளைக்கு நீங்க எரநூறுல வந்து, வளைவுக்கு வளைவு பிரேக்க மிதிப்பீங்க. சூடாகி அந்த ஈரம் கொதிக்கும். அப்புறம் பெடல் தரையத் தொடும், வண்டி நிக்காது. பக்கத்துல யாரு உக்காரப் போறா?"

டாக்டரின் முகம் வெளுத்தது. "எம் பொண்ணு."

"மேல மினுக்கத் தெரியுது, உள்ள பாக்கத் தெரியல! பல்லு ஆடினப்புறம் வர்ற ஆள நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திட்டுவேன்."

"'நான் ஒரு வேளதான் சாப்பிடுறேன் டாக்டர், என் பல்லு அதிகம் வேல செய்யல'ன்னு அவன் சொன்னா?"

"அண்ணி, கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றார் கொழுந்தன். "இஞ்சின விட நீங்க சூடா இருக்கீங்க."

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் எத்தனை நேரம் வாங்கிக்கொண்டு நிற்பார்? அவருக்கும் சுருக்கென்றது.

"திட்டுவேன் மேடம். ஆனா அவன் வெளிய போறப்பவே அடுத்து எந்தத் தேதிக்கு வரணும்னு நான் எழுதிக் குடுத்திருப்பேன். நீங்க எழுதினதப் பாருங்க."

கண்ணாடி ஓரத்தைக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார். அவருடைய சொந்தக் கையெழுத்து. முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வண்டி ஓடியிருந்தது இருபத்து மூவாயிரம். அதற்குக் கீழே, தேதிக்கென்று அச்சடித்த கட்டம் காலி.

ஊரெல்லாம் தினமும் ஓடுகிற வண்டிகள். அவற்றுக்குக் கிலோமீட்டர் எண்ணே முந்திக்கொள்ளும். தேதி தேவைப்பட்டதே இல்லை. பழக்கதோஷத்தில் உறைக்குள் தூங்குகிற வண்டிக்கும் அதையே எழுதிவிட்டார். டாக்டர் ஸ்டிக்கரை அப்படியே நம்பிவிட்டார். இத்தனை வருடமாக ஊரார் முதுகைப் பார்த்துத் திட்டியவருக்குத் தன் முதுகு தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க அவருக்கு வரவில்லை. கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க. மதியம் வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

நான்கு சக்கரத்தையும் கழற்றினார். பழைய ஆயில் குழாய் வழியே தேநீர் நிறத்தில் இறங்கியது. புதியது தெளிவாக வரும்வரை விடவில்லை. டாக்டர் திரும்பி வந்ததும் அவரையே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொன்னார். கல் மாதிரி நின்றது. பிறகு பிளேடால் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். புதியதில் முதலில் தேதி, அப்புறம்தான் கிலோமீட்டர்.

"இதுக்கு நீங்க காசு குடுக்க வேண்டாம்," என்று கொழுந்தனைப் பார்க்காமலே டாக்டரிடம் சொன்னார்.

சிவப்பு கார் வெளியேறியதும் முன்மேசைக்கு வந்தார். கைகூடத் துடைக்கவில்லை.

"பதிவேட்ட எடு. உறைபோட்டு மூடி வெச்சிருக்கிற வேகமான வண்டி எல்லாத்தையும் தனியா குறி."

பதினேழு தேறின. முதல் எண்ணை அவரே அழைத்தார்.

"வண்டியா? சும்மா நிக்குதுங்க, ஒரு பிரச்சனையும் இல்ல," என்றது மறுமுனை.

"சும்மா நிக்கிறதுதான்யா பிரச்சனை! திங்கக்கெழம கொண்டாங்க. அதுவரைக்கும் வேகமா ஓட்டுனீங்கன்னு தெரிஞ்சுது..."

போனை வைத்ததும் கொழுந்தன் மெல்லக் கேட்டார். "அண்ணி, தேதி எழுதாதது நாம. அவங்களப் போயி ஏன் கத்துறீங்க?"

"தெரியும். அதனாலதான் கத்துறேன்," என்றபடி அடுத்த எண்ணை அழுத்தினார்.