புகார்ப் பெட்டி பூட்டிய தவக்காலம்

அந்த லாண்டரியில் அவளுக்குப் ‘புகார்ப் பெட்டி’ என்று பட்டப்பெயர். பதினேழு வருஷமாகத் துணி மடிக்கும் மேசையில் நிற்கிறாள். சோப்பு கூடிப்போச்சு, வண்டி பிந்தி வந்தது, மேற்பார்வையாளர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். பொல்லாத வாய்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு தடவை அது எல்லை மீறிவிட்டது. டிரைவர் குடித்துவிட்டு வந்ததாகப் போட்டுக்கொடுத்தாள். அவருக்கு வேலை போயிற்று. பிறகு விசாரித்தால், பாவம், மனுஷன் குடித்தது இருமல் மருந்து.

அந்த உறுத்தல் அவளை விடவில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டபோதே நேர்ந்துகொண்டாள்: ஈஸ்டர் வரைக்கும் யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்வதில்லை.

“எல்லாரும் இறைச்சியை விடுவாங்க. நீ உயிரையே விடப்போறியே” என்றார் கணவர்.

முதல் வாரம் நாக்கு நமநமவென்று அரித்தது. அடுத்த வாரம் ஆளாளுக்குப் பாராட்ட ஆரம்பித்தார்கள். “நீங்களாக்கா இது? முகமே தெளிஞ்சிருக்கு.” அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. ரொம்பவே இனித்தது.

பத்தாம் நாள் அதைப் பார்த்தாள். அவளுடைய கூடப்பிறந்த தங்கை அங்கேயே துணி தேய்க்கும் நீராவி பிரஸ்ஸில் வேலை செய்பவள். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் சுடுகிற மூடி இறங்கும்; கை உள்ளே மாட்டக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். தங்கை ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தாள். ஒரு கையால் மறு பொத்தானை அமுக்கிக்கொண்டே, இன்னொரு கையால் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். வேலை சீக்கிரம் ஓடுமாம்.

அக்காவின் வாய் திறந்தது. நேர்த்திக்கடன் நினைவுக்கு வர, மூடிக்கொண்டது.

அன்று சாயங்காலம் முழந்தாளிட்டுத் தங்கைக்காக ஜெபித்தாள். ஜெபித்தாளாம்! அந்த டேப்பைப் பிய்த்தெறிய எவ்வளவு நேரமாகும்?

அதற்குப் பிறகு மூடி இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டுகளைக் கோணலாக மடித்தாள். தங்கையும் ஒருவேளைச் சாப்பாட்டோடு நோன்பிருந்தாள். பதினோரு மணிக்கெல்லாம் அவள் கண் சொருகியது. அதைப் பார்த்த அக்கா, ஈஸ்டருக்கு மறுநாள் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன், அதுவரைக்கும் நீர் பார்த்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் பேரம் பேசினாள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழன். இன்னும் பத்தே நாள். தங்கை லேசாகத் தள்ளாடினாள். கை விரிப்பின்மேல் கிடந்தது, மூடி இறங்கிக்கொண்டிருந்தது.

“கையை எடுடீ!”

முப்பத்தேழு நாளில் அவள் போட்ட முதல் சத்தம் அது. அது தங்கையின் காதுக்குப் போவதற்குள் மூடி இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் தங்கை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“டேப் ஒட்டியிருந்தது உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்.”

“எத்தனை நாளா?”

“நாலு வாரமா.”

தங்கை கோபப்படவில்லை. கைக்கட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஊரையெல்லாம் திட்டுவியே. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமேக்கா.”