வெயில்காரனின் தரப்பு

படிவத்தில் ஒன்பது வரிகள் இருந்தன. பெயர், உயரம், எடை, பிறப்பிடம், சக்தி, பலவீனம், எதிரி, லட்சியம், தரப்பு. முதல் எட்டையும் ஒரு காலைப் பொழுதில் நிரப்பிவிட்டேன். ஒன்பதாவதில் எழுத வேண்டியது ஒரே ஒரு சொல்: நாயகன் அல்லது வில்லன். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் அலைந்தேன்.

நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு மரக்காணத்துக்குத் திரும்பியிருந்தேன். சென்னையில் காமிக்ஸ் போடும் ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் பழைய வேலையை அறிந்த பெண்மணி. யாராவது பதவிக்கு வந்தாலும் இறந்துபோனாலும் பிறந்த ஊர், படிப்பு, குடும்பம் என்று பத்து வரி எழுதுவது அப்போது என் பொறுப்பு. சூப்பர் ஹீரோக்களுக்கும் அதே பத்து வரிதான், கற்பனை வேண்டாம், தகவல் போதும் என்றார் அவர்.

மாதிரிக்கு இரண்டு பக்கம் கேட்டார். கடலோர ஊர் ஒன்றில் நடக்கும் கதை. மழையைக் கொண்டுவரும் சக்தி படைத்தவன் நாயகன். கண்ணில் பட்ட நீரையெல்லாம் உறிஞ்சிவிடுகிறவன் வில்லன். பெயர்கள் முடிவாகாததால் மழைக்காரன், வெயில்காரன் என்று வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு பக்கம். பாதியில் முழு உருவப் படம், மீதியில் என் ஒன்பது வரி. இரண்டு பக்கமும் பிடித்துப்போனால் முழுப் புத்தகத்தையும் அதே ஓவியர் வரைவார். பிடிக்காவிட்டால் வேறு ஓவியர்.

ஓவியர் எங்கள் ஊர்ப் பெண். ஆசிரியரிடம் அவரைப் பற்றிச் சொன்னது நான்தான். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று நாளெல்லாம் டிசைன் செய்கிறவர். கட்சிக்காரர் பிறந்தநாள் என்றால் பின்னால் ஒரு சிங்கமும் இரண்டு மின்னலும் வைக்க வேண்டும். அந்தப் பலகைகளின் அடியில் கடையின் பெயர் இருக்கும், தொலைபேசி எண் இருக்கும், அவர் பெயர் இருக்காது.

“என் பேர் போட்டு ஒண்ணு வரணும் சார். ஒரே ஒண்ணு போதும்,” என்று முதல் நாளே சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை, கடை மூடிய பிறகும் அவருடைய ஸ்கூட்டர் வாசலில் நிற்பதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

என் பங்கு எளிதாக இருந்தது. மழைக்காரன்: உயரம் ஏழடி. எடை மேகத்தைப் பொறுத்தது. பலவீனம் எதிர்க்காற்று. லட்சியம் வறண்ட நிலத்தைக் காப்பது. தரப்பு நாயகன். வெயில்காரன்: உயரம் ஆறடி. பலவீனம் நிழல். லட்சியம் ஒரு சொட்டு நீரும் மிஞ்சாமல் செய்வது. தரப்பு வில்லன். இவற்றோடு ஓவியரின் படங்களையும் அனுப்பினோம்.

மறுநாள் ஆசிரியர் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. ஏதோ பக்கம் மாறிப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாராம்.

“ஹீரோவப் பாத்தா பயமா இருக்கு சார். வில்லனப் பாத்தா உக்கார வச்சு ஒரு டம்ளர் மோர் குடுக்கலாம்னு தோணுது. சரி பண்ணி அனுப்புங்க. இன்னொரு ஆர்ட்டிஸ்ட் ரெடியா இருக்காங்க, நான் ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது.”

படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மழைக்காரனுக்கு முகமெல்லாம் கறுத்து, கண்கள் பிதுங்கி, கைகள் கீழே எதையோ பிடுங்க வருவதுபோல நீண்டிருந்தன. வெயில்காரன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேலைக்கு நடுவே யாரோ கூப்பிட்டதால் நிமிர்ந்தவன்போல நின்றான். அவன் பாதங்களில் வெடிப்பு இருந்தது. குதிகாலிலிருந்து விரல்வரை ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக வரையப்பட்டிருந்தது. முதல்முறை நான் இவற்றைக் கவனிக்கவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். “நீங்க எழுதினதத்தான் சார் வரைஞ்சேன்,” என்றார் ஓவியர். “மழைன்னு போட்டிருந்தீங்க. எனக்கு மழைன்னா அப்படித்தான் வருது.”

அவர் பொய் சொல்லவில்லை. என் முன்னாலேயே மழைக்காரனை மறுபடி வரைந்தார். கண்ணைச் சின்னதாக்கினார். நிறத்தை வெளுப்பாக்கினார். கடைசியில் ஒரு சிரிப்பு வைத்தார். சிரிப்பு வைத்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. அஞ்சலி பலகை ஒன்றை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்து, “ஏம்மா, இந்தாளு யாரு, சீட்டுப் பணம் எடுத்துட்டு ஓடினவனா?” என்றார்.

ஓவியரின் குடும்பம் உப்பளத்துக் குடும்பம் என்பது எனக்குத் தெரியும். அதை இந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தை முதல் வெயில் காய்ந்தால்தான் பாத்தியில் உப்பு விளையும். நடுவில் ஒரு மழை பெய்தால் விளைந்தது கரைந்துபோகும். மழைக்காரன் அவர்கள் வீட்டுக்கு எப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறான்.

அப்படியானால் தரப்பை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். வெயில்காரன் நாயகன், மழைக்காரன் வில்லன். படத்தைத் தொட வேண்டாம். ஆனால் செய்தி மேசையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஆள் சொன்னதை வைத்து எதையும் அச்சுக்கு விடுவதில்லை. அதனால் ஓவியரின் அம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் உப்பு வாருகிறவர். மதியம் ஓலைக் கொட்டகையில் ஓய்ந்து உட்கார்ந்திருந்த நேரம்.

அச்செடுத்த படங்களைக் கையில் வாங்கியதும் அவர் வெயில்காரனைத்தான் முதலில் பார்த்தார். “இவன் யாரோட அளத்துல வேல செய்றான்?”

“வேல செய்றவன் இல்லம்மா, கதையில வர்றவன்,” என்றார் மகள்.

“வேல செய்யாம கால் இப்படி ஆவுமா?” அடுத்த படத்தைத் திருப்பினார். “இவன நம்ம பக்கம் விடாத.”

நான் குறித்துக்கொண்டேன். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு கேள்வி கேட்டேன். “அப்ப வெயில்காரன்தான் நல்லவன்னு போட்டுடலாமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு சொன்னா நல்லவன்னு? ரெண்டு மணிக்கு செருப்ப கழட்டிட்டு இந்த வரப்புல நில்லுங்க சார். அப்பறம் சொல்லுங்க அவன் நல்லவனான்னு.” கண்ணைத் தேய்த்துக்கொண்டார். உப்பின் வெளுப்பைப் பார்த்துப் பார்த்து அவர் கண் எப்போதும் நீர் கட்டியிருந்தது. “என் கண்ணு போனதே இவனாலதான்.”

“அப்ப மழைக்காரன்?”

“ஐப்பசியில வரட்டும், யாரு வேணாம்னா. பாத்தியில எடுக்க வேண்டியத எடுத்துட்டு நாங்களும் ஊட்ல கொஞ்சம் படுப்போம். நடுவுல வர்றான் பாருங்க, அதுதான்.”

ஒன்பது வரிகளில் மாதத்துக்கு வரி இல்லை. ஒன்று சேர்க்கலாமா என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே படிவம்தான் என்று பதில் வந்தது.

இன்னொரு ஆள் வேண்டும் என்று பக்கத்து ஊரான பிரம்மதேசம் போனேன். என் மனைவியின் தம்பி அங்கே நிலம் வைத்திருக்கிறார். விவசாயிக்கு மழை என்றால் நாயகன்தான், அவராவது குழப்பாமல் சொல்வார் என்று நம்பினேன். படங்களில் யார் யார் என்று சொல்லாமல் கொடுத்தேன்.

“இவரு சாமி,” என்றார் மழைக்காரனைப் பார்த்து, ஒரு கணமும் யோசிக்காமல். “எங்க எல்லையில இருக்கறவரு இப்படித்தான் முழிப்பாரு. முழிச்சாத்தானே மாமா காவல்?”

“இந்த ஆள்?”

வெயில்காரனை அருகில் வைத்துப் பார்த்தார். “இவன் ரொம்ப நல்லவன் மாதிரி மூஞ்ச வச்சிருக்கான். இவனத்தான் நம்பக்கூடாது.”

திரும்பும் வழியெல்லாம் என்னிடம் இருந்த தகவல்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். சென்னையில் பார்த்தவருக்கு மழைக்காரன் முகம் வில்லன் முகம். பிரம்மதேசத்தில் அதே முகம் சாமி முகம். உப்பளத்தில் மழைக்காரனை விடக் கூடாது, ஆனால் ஐப்பசியில் வரலாம். வெயில்காரன் உப்பளத்தில் சொந்தக்காரன்போல இருக்கிறான், ஆனால் கண்ணைக் கெடுத்தவன். எதுவும் பொய் இல்லை. எல்லாம் நேரில் கேட்டவை. ஒரு நாளிதழுக்கு இது போதும். நால்வர் கருத்து என்று தலைப்பிட்டுப் போட்டுவிடுவோம். படிவத்துக்குப் போதாது.

ஓவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தலை சுற்றியது. “சார், நீங்க விசாரிக்க விசாரிக்க எனக்குக் கையே ஓடல. ஏதாச்சும் ஒண்ணு போட்டு அனுப்பிடுங்க. படம் மட்டும் இருக்கட்டும்.” தரப்பை மாற்றி அனுப்பினேன். வெயில்காரன் நாயகன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், சித்திரையில், மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. காலையில் வெறும் நீலமாக இருந்த வானம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. ஓவியர் கடையில் இல்லை. “மேகத்தப் பாத்ததும் கம்ப்யூட்டரக்கூட ஆஃப் பண்ணாம ஓடிட்டா,” என்றார் கடைக்காரர்.

நான் உப்பளத்தை அடைந்தபோது முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. கரையில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, ஓலை வைத்து அமுக்கும் வேலை நடந்தது. ஓவியரும் அம்மாவும் இன்னும் நான்கைந்து பேரும். காற்று ஒரு முனையைத் தூக்கியடித்தது. யாரோ என் கையில் அந்த முனையைக் கொடுத்து, “உக்காருங்க சார் அது மேல,” என்றார்கள். உட்கார்ந்தேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

“சார், வெயில் ஹீரோன்னா மே மாசத்துல எவன் வாங்குவான்? எங்க வீட்ல ரெண்டு நாளா தண்ணி லாரி வரல. இன்னைக்கு நான் ஃபைனல் பண்ணணும். கடைசியா கேக்கறேன், ரெண்டு பேர்ல யாரு ஹீரோ? படத்த மாத்துவாங்களா, மாட்டாங்களா?”

ஓவியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் கேட்ட நேரம் அப்படி. அவர் இரண்டு கையாலும் ஓலையை அமுக்கிக்கொண்டிருந்தார். பாத்தியில் வாராமல் கிடந்த உப்பு எங்கள் கண்முன்னால் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

“இப்பப் போயி கேக்கறீங்களே சார்.”

அம்மா நிமிராமலே சொன்னார்: “இன்னைக்கு கேட்டா அவன்தான்டி வில்லன், எழுதிக்கச் சொல்லு.”

“நேத்து கேட்டா?” என்றார் மகள்.

“நேத்து எனக்குக் கண்ணு எரிஞ்சிது.”

ஓவியர் வந்து ஈரக் கையோடு என் தொலைபேசியை வாங்கினார். மழைச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது. “மேடம், எனக்கு யாருன்னு தெரியல. நெஜமாவே தெரியல. நீங்க என்ன வேணாலும் பேர் போட்டுக்குங்க. படத்த மாத்தினா எனக்கு வரல, பொய்யா வருது. அந்த ஆர்ட்டிஸ்டுக்கே குடுத்துடுங்க, பரவால்ல.” கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பியிருந்தார். தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓலைக்குத் திரும்பிப் போனார்.

மறுமுனையில் ஆசிரியர், “அங்க என்ன சத்தம் சார்?” என்று கேட்டார். மழை என்றேன். “அடேங்கப்பா, குடுத்து வச்சவங்க,” என்றார். காற்றில் எழும்பிய தார்ப்பாய் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். அவர் வைத்துவிட்டார். திரையில் பிரம்மதேசத்திலிருந்து ஒரு படம் வந்திருந்தது. நனைந்த நிலம். கீழே, “மாமா, சூப்பர் மழை.”

அம்பாரம் தப்பியது. பாத்தியில் கிடந்தது போயிற்று. மறுபடி உப்பு விளைய எத்தனை நாள் வெயில் வேண்டும் என்று அம்மா விரல் விட்டு எண்ணினார்.

பத்து நாள் கழித்து அச்சுத் தாள் வந்தது. படங்கள் இரண்டும் முதலில் வரைந்தபடியே இருந்தன. எழுத்தும் என் முதல் எழுத்துதான், ஒரு சொல்லும் மாறவில்லை. பிதுங்கிய கண்ணுக்குப் பக்கத்தில் ‘தரப்பு: நாயகன்.’ வெடித்த பாதத்துக்குப் பக்கத்தில் ‘தரப்பு: வில்லன்.’ ஆசிரியரை அழைத்தேன். அலுவலகத்தில் எல்லோரும் படத்தையும் எழுத்தையும் மாறிமாறிப் பார்த்துச் சண்டை போட்டார்களாம். சண்டை போடுகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். முழுப் புத்தகமும் எங்கள் ஓவியருக்கே. தாளின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் ஓவியரின் பெயர் இருந்தது.

அவர் அந்தத் தாளைக் கடைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினார். பெயர் இருந்த மூலையை விரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினார். அம்மா வேலை முடிந்து வந்து நின்று பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர், நேரம் எடுத்தது.

“பேர மாத்திப் போட்டிருக்காங்க. நீ சொல்லலியா?”

“மாத்தல. இதுதான் மொதல்ல இருந்தது.”

“அப்ப படம்தான் மாறிடுச்சா?”

“படமும் மாறல.”

அம்மா என்னைப் பார்த்தார். எங்கள் பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். இன்ன பக்கத்தில் இன்னது என்று வந்திருக்க வேண்டும், தவறுக்கு வருந்துகிறோம். அப்படி ஒன்றை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். இன்னது என்ற இடத்துக்கு மேல் அது நகரவில்லை.

“சார், மூணாவது ஆளு படிவம் வந்திருக்குது,” என்றார் ஓவியர், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “காத்துக்காரன். கடைசி வரிய காலியா விட்டு அனுப்புங்க. நான் மொதல்ல வரைஞ்சிடறேன்.”